தந்தையார் விட்டுச் சென்ற காரும் சொந்தக்காரர் அத்தாட்சியும்

நிலம் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் மூலப் பத்திரத்தைக் கேட்கிறார். வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவரை ஊரார் ஏமாளி என்பர். ஆனால் அதே மனிதர், நான்கு சக்கரமுள்ள வண்டியையோ அதன் எஞ்சினையோ வாங்கும்போது மட்டும் விலையைப் பேசுகிறாரேயன்றி, விற்பவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா என்று கேட்பதில்லை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய தொல்லைக்கு இடம் தரும் என்பதைச் சென்ற ஆண்டில் என் சொந்த அனுபவத்தால் அறிந்தேன். ஊரைவிட்டு வெளியே வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் இது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதத் துணிகிறேன்.

எங்கள் பூர்வீகம் நகரி. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருத்தணியைத் தாண்டியதும் மூக்கைப் போல் நீண்டு நிற்கும் ஒரு மலைமுகடு தென்படும். 'நகரி மூக்கு' என்று அதைச் சொல்வார்கள். அதன் அடிவாரத்தில், தறியோசை ஓயாத தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எங்கள் தெருவில் அதனால் பேச்சு மாறவில்லை, கொடுக்கல் வாங்கலும் மாறவில்லை. ஆனால் மோட்டார் வண்டிக்கு மட்டும் எல்லை உண்டு. அதை முதலில் உணர்ந்தவர் என் தந்தையார்.

1968ஆம் ஆண்டில் அவர் சென்னையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கினார். ஒருவர் மூன்று ஆண்டுகள் ஓட்டிய வண்டி அது. ஜவுளி வியாபாரத்திற்கென்று வாங்கியதாக அம்மாவிடம் சொன்னார்; ஆயினும் அந்தக் காரின் அழகே அவரை இழுத்தது என்பதை வீட்டில் அறியாதவர் இல்லை.

ஹெரால்டு காரைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி 1959இல் வெளியிட்ட வண்டி இது. இதற்கு உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் இதைத் தயாரித்தார்கள். மூடியைத் திறந்தால் காரின் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து எஞ்சினும் முன் சக்கரங்களும் வெளியே தெரியும். சின்னஞ்சிறு சந்திலும் வளைந்து திரும்பும். இதன் அடிச்சட்டத்தைச் சற்றே குறுக்கி, மேலே திறந்த உடலை அமைத்துத்தான் ட்ரையம்ப் கம்பெனியார் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். ஆகவே ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புக்கள். ஒன்றின் உதிரிப் பாகங்களில் பல மற்றொன்றுக்குப் பொருந்தும். சோழவரம் விமானத் தளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதை என் தந்தையார் வாழ்நாளெல்லாம் பேசுவார்.

அந்தக் கார் தந்தையார் மறைந்தபின் எட்டு ஆண்டுகள் கொட்டகையிலேயே கிடந்தது. தம்பி பழைய இரும்புக்குப் போடலாம் என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு வாசலுக்குச் சாணம் தெளித்தபின் கொட்டகை வாசலுக்கும் தெளித்துவிட்டு வருவதை அவர் நிறுத்தவுமில்லை. அதைப் பார்த்தபின், வண்டியை ஓட வைப்பது என்று முடிவு செய்தேன்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு தேய்ந்து விரிசல் கண்டிருந்தது. அந்தத் தண்டின் அடியில் ட்ரன்னியன் என்ற வெண்கல மூட்டு ஒன்று உண்டு. அதற்கு கியர் எண்ணெய் விட வேண்டும். விவரம் அறியாத பட்டறைகளில் கிரீஸ் அடைத்துவிடுவார்கள். நாளடைவில் தண்டு அரித்து, ஓடும்போதே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டி கொட்டகையில் நின்றிருந்தபடியால் அந்த விபத்திலிருந்து தப்பியது.

உதிரிப் பாகத்தைத் தேடிச் சென்னைக்குப் போனேன். பழைய பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் என்னைக் கண்டதும் ஒருவர் உற்சாகமாகப் பேசினார். "தண்டு மட்டும் எதற்கு? முன்பகுதி முழுவதும், எஞ்சின், அடிச்சட்டம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. மொத்தமாக எடுத்துக் கொண்டால் பாதி விலை" என்றார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டேன். "அதெல்லாம் எதற்கு சார்? பொருளைப் பாருங்கள்" என்றார். எனக்கு ஆசை தோன்றாமலில்லை.

சற்றுத் தள்ளி இன்னொரு கடை. அங்கே வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக் கொண்டு கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, ஆர்.சி. புத்தகம் கொண்டு வந்திருக்கிறீர்களா?"

"ஒரு இரும்புத் தண்டு வாங்க ஆர்.சி. புத்தகமா, ஐயா?"

"தண்டுக்கு வேண்டாம். அதை இப்பொழுதே தருகிறேன். எஞ்சினும் அடிச்சட்டமும் கேட்டால் புத்தகம் வேண்டும். உங்கள் வண்டிக்குத்தான் வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் விற்பது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், நாளைக்குப் போலீஸ்காரர் வந்தால் உங்களுக்கு நானும் சாட்சியில்லை, எனக்கு நீங்களும் சாட்சியில்லை."

அவர் சொன்னதை முதலில் அதிகப்படியான கெடுபிடி என்றே நினைத்தேன். பிறகு விசாரித்தபோதுதான் அதன் நியாயம் விளங்கிற்று.

இந்தக் கெடுபிடி எதற்காக?

வண்டியின் பெயரும் ஊரும் அதன் எண்பலகையில் இல்லை. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணிலும் எஞ்சினில் பொறித்த எண்ணிலும்தான் இருக்கின்றன. திருடர்கள் இதை நன்கு அறிவர். விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் புத்தகத்தையும் எண் பொறித்த தகட்டையும் சொற்ப விலைக்கு வாங்கி, அவற்றைத் திருட்டு வண்டியில் பொருத்திவிட்டால், திருட்டு வண்டிக்கு நல்ல பெயர் வந்துவிடுகிறது. அபூர்வமான ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு மோசடியும் உண்டு. உலகில் சில நூறே உள்ள ஒரு கார் கோடிக் கணக்கில் விலை போகும்போது, பாகங்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்று செய்து, 'இதுவும் அசல்' என்று விற்பார் உளர். அதனால்தான் வெளிநாடுகளில் விலையுயர்ந்த கார்களைச் செய்வோர் சாவி, எண் தகடு, வெற்றுடல் ஆகியவற்றைக் கொடுக்குமுன் வாங்குபவரின் உரிமைப் பத்திரத்தைக் கேட்பது வழக்கமாயிற்று. ஃபெராரி கம்பெனியார் தங்கள் பழைய கார்களின் அடிச்சட்டம், எஞ்சின், கியர் பெட்டி எல்லாம் அசல்தானா என்று சோதித்துச் சான்று வழங்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவின் சாரம் இது: விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்குபவனுக்கு வந்துவிடாது. நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்திருந்தாலும், பொருள் திருட்டுப் பொருளாயின் உண்மையான சொந்தக்காரரிடமே அது திரும்ப வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணமிருந்தோ நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'பாதி விலை', 'எங்கிருந்து வந்தது என்று கேட்காதே' என்ற இரண்டும் சேர்ந்தால், தெரிந்துகொள்ளக் காரணமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

எஞ்சினை மாற்றினால் அதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரத்திற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. எஞ்சின் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, புது எஞ்சினின் எண்ணைச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். அப்போது அந்த எஞ்சின் எங்கே வாங்கியது என்பதற்குப் பில் வேண்டும். பில் இல்லாத எஞ்சின் வீட்டில் இருக்கலாம். சாலைக்கு வர முடியாது.

பழைய வண்டிகளை உடைப்பதற்கும் இப்போது ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தார் சொந்தக்காரரின் பதிவுச் சான்றிதழைப் பெற்று, வண்டி களவு போன பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பின்னரே உடைக்கலாம். உடைத்தமைக்குச் சான்றும் தர வேண்டும். இத்தகைய இடத்திலிருந்து பில்லோடு வரும் பாகத்திற்குப் பிறந்த வீடு தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தார் 'வாகன் சமன்வய்' என்ற பெயரில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டியின் பதிவு எண்ணையும் எஞ்சின், அடிச்சட்ட எண்களையும் கொண்டு அது களவு போனதாகப் பதிவாகியுள்ளதா என்று எவரும் பார்த்துக் கொள்ளலாம்.

மஞ்சள் பைக்குள் இருந்த புத்தகம்

பெரியவர் கொடுத்த தண்டை வாங்கிக் கொண்டு நகரிக்கு வந்து அம்மாவிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துத் தந்தார். "அப்பா, வீட்டுப் பத்திரம் போல இதையும் பத்திரமாக வைக்கச் சொன்னார்" என்றார்.

புத்தகத்தைப் பார்த்தபோது தந்தையாரின் ஒழுங்கு எனக்கு விளங்கிற்று. சென்னை எண்ணோடு வந்த வண்டிக்கு அங்கிருந்து ஆட்சேபமில்லாச் சான்று வாங்கி, சித்தூரில் புது எண் பெற்றிருக்கிறார். நகரிக்கும் திருத்தணிக்கும் இடையே எத்தனையோ வண்டிகள் அந்நாளில் பழைய எண்ணோடே ஓடின. அவர் அப்படி விடவில்லை. ஆனால் குறை வேறொன்று இருந்தது. புத்தகம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. பதிவுக் காலமும் என்றோ முடிந்திருந்தது. எட்டு ஆண்டுகளாக நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வண்டி எங்கள் வீட்டில் இருந்தது. ஆனால் அது எங்களுடையது என்று காட்ட ஒரு வரிகூட இல்லை.

சொந்தக்காரர் காலமானால், வாரிசு முப்பது நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அதற்குள் 31ஆம் நமூனாவில் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசு விவரமும் அதனோடு வேண்டும். பிள்ளைகள் மூவர் மூன்று ஊரில் இருந்தால் கையெழுத்துக்கே பல மாதம் செல்லும். எங்களுக்கு அப்படித்தான் சென்றது. தங்கை கடல் கடந்து இருக்கிறாள். அவளுடைய சம்மதத்தை முறைப்படி பெறுவதற்குள் ஒரு கோடை கழிந்தது. இத்தொல்லையைக் குறைப்பதற்கென்றே 2021 முதல், சொந்தக்காரர் உயிரோடிருக்கும்போதே சான்றிதழில் ஒரு நியமனதாரரின் பெயரைக் குறித்து வைக்கலாம் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. நம் பெரியவர்கள் இதைச் செய்து வைத்தால் பிள்ளைகள் வாழ்த்துவார்கள்.

அபூர்வ வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. முதற் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத இருசக்கர, நாற்சக்கர வண்டிகளைப் பழம்பெருமை வண்டிகளாகப் பதியலாம். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். முன்பே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக் கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்கு வி.ஏ. என்ற எழுத்துக்களோடு எண் தருவார்கள். புதுப் பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய்; மறுபதிவிற்கு 5,000 ரூபாய்; காலம் பத்து ஆண்டு. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாமே தவிர, நாள்தோறும் சந்தைக்குப் போக அல்ல. இந்தப் பதிவிற்கு வேண்டியவற்றுள் ஒன்று, வண்டி இந்நாட்டில் முன்பே பதிவானதாயின், அந்தப் பழைய பதிவுச் சான்றிதழ். வெளிநாட்டிலிருந்து வந்ததாயின் சுங்கத்தில் பெற்ற இறக்குமதிப் பத்திரம். எங்கே சுற்றினாலும் அந்த மஞ்சள் பைக்கே வந்து சேருகிறோம்.

அன்று பாதி விலையில் கிடைத்த அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வாங்கிப் பொருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்கள் புத்தகத்தோடு ஒத்திருக்கமாட்டா. அசல் வண்டி என்ற தகுதி போயிருக்கும். தந்தையார் ஐம்பது ஆண்டு காத்த நேர்மையை ஒரே பிற்பகலில் நான் விற்றிருப்பேன்.

வெளியூரில் வாழ்வோர் கவனிக்க

விற்றவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஊரைவிட்டுப் புறப்படும் அவசரத்தில், தெரிந்தவருக்கு வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக் கொண்டு, பெயர் மாற்றத்தை 'பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று விடுகிறவர் நம்மில் பலர். 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் இதற்குத் தெளிவாக விடை சொல்லிற்று. அவ்வழக்கில் வண்டி கைக்குக் கை மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல்வர் பெயரில் இருந்தது. விபத்து நடந்தபோது நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவருக்கே என்று தீர்ப்பாயிற்று. ஆகவே நகரியில் விற்ற வண்டி பம்பாயில் இருப்பவரைத் தேடி வரும். 29, 30ஆம் நமூனாக்களில் இருவரும் கையெழுத்திட்டு, வாங்கியவர் பெயர் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகே நிம்மதியாக உறங்கலாம்.

வண்டியை வேறு மாநிலத்திற்குக் கொண்டு செல்வோர், 28ஆம் நமூனாவில் ஆட்சேபமில்லாச் சான்று பெற வேண்டும். அடிச்சட்ட எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியை அதில் ஒட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்திற்கு மேல் அங்கே வைத்திருப்பதாயின் புது எண் அவசியம். ஏ.பி., டி.என். என்று தொடங்கும் எண்கள் 1989 ஜூலை 1இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின் ஏற்பட்டவை. சித்தூருக்கு 03 என்ற எண் இருந்தது; 2019இல் ஆந்திரம் முழுவதற்கும் 39 என்ற பொது எண் வந்தது. ஆகவே எண்பலகையைப் பார்த்து வண்டியின் ஊரை ஊகிப்பது இனிப் பயன்படாது. புத்தகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, 26ஆம் நமூனாவில் நகல் பெறலாம். கடன் வாங்கி எடுத்த வண்டியாயின், கடன் தீர்ந்ததும் 35ஆம் நமூனாவின் மூலம் கடன் கொடுத்தவர் பெயரை நீக்கிவிட வேண்டும்.

உதிரிப் பாகம் வாங்குவோருக்கு அந்தப் பெரியவர் சொன்ன முறையே போதும். தேயும் பாகங்களான பிரேக் கட்டை, வடிகட்டி, ரப்பர், மூட்டு இவற்றிற்குப் பில் போதும். எண் பொறித்த பாகங்களான எஞ்சின், அடிச்சட்டம், அவற்றோடு வெற்றுடல், சாவி, எண்பலகை ஆகியவற்றிற்கு உங்கள் புத்தகத்தைக் காட்டுங்கள். விற்பவரின் புத்தகத்தையும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் பெயர் மாற்ற விண்ணப்பம் சென்ற மாதம் ஏற்கப்பட்டது. சான்றிதழில் அம்மாவின் பெயர் ஏறியிருக்கிறது; அவ்வாறே இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் மூவரும் ஒருமனதாக எழுதிக் கொடுத்தோம். பழம்பெருமை வண்டியாகப் பதிவு செய்யும் விண்ணப்பம் அடுத்தபடியாகச் செல்ல வேண்டும். தண்டு மாற்றியாயிற்று, மூட்டுக்கு எண்ணெயும் விட்டாயிற்று. கொட்டகையிலிருந்து வாசல் வரை தம்பி மெல்ல ஓட்டி வந்து நிறுத்தினான். அம்மா புதுச் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தம் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அதைப் பழைய புத்தகத்தோடு சேர்த்து மஞ்சள் பையில் சுருட்டி, பெட்டிக்குள் வீட்டுப் பத்திரத்தின்மேல் வைத்துப் பூட்டினார்.

நம் குடும்பங்களில் யார் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு பழைய புத்தகம் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள்.